கடலைக் கண்ணாடியுட் காட்டிய காஸ்

பரந்து கிடக்கும் சமுத்திரத்தில் ஒரு சிறு பங்கை வீட்டுக்குள் கொணர்ந்து, அதில் வாழும் உயிர்களை நாள்தோறும் அருகிருந்து காணலாம் என்று இருநூறு ஆண்டுகளுக்கு முன் எவரேனும் கூறியிருப்பின், கேட்டோர் நகைத்திருப்பர். இன்றோ அது கைகூடிய காரியம். சாத்தூருக்கு அண்மையில் அருச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கன்குடி உளது. அவ்வாற்று நீர் மன்னார் வளைகுடாவிற் சென்று கலப்பினும், அவ்வூரார் அலையோசையைக் கேட்டறியார். அத்தகைய உள்நாட்டூரில் வாழும் மாணாக்கனும் உப்பைக் கரைத்துக் கடல்நீர் ஆக்கி, சிறியதொரு கண்ணாடித் தொட்டியில் கடலுயிர்களை வளர்த்தல் இயலும். இவ்வழியை உலகினர்க்குத் திறந்து காட்டியோருள் முதன்மையானவர் பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கிலேயர். அவர் சரித்திரம் மகிழ்ச்சியும் துயரமும் விரவியது. நம் மாணவர்க்குப் படிப்பினையும் ஆவது.

காஸ் 1810-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உவோர்ஸ்டர் நகரிற் பிறந்தார். தந்தையார் ஊர் ஊராகச் சென்று சிற்றுருவப் படங்கள் தீட்டிப் பிழைத்தவர். குடும்பத்தில் வறுமை மிகுதி. எனினும் தந்தையாரிடமிருந்து நுண்ணிய தூரிகைத் தொழில் மைந்தர்க்கு வாய்த்தது; பிற்காலத்தில் அவர் நூல்களை அழகு செய்த வண்ணப்படங்களுக்கு அதுவே வித்து. பூல் என்னும் துறைமுகப் பட்டினத்தில் வளர்ந்த இளம்பிராயத்தில், பெல் என்னும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அத்தை, பூச்சிகள் உருமாறும் விதத்தையும், கடற்சாமந்திகளைக் கலத்து நீரில் இட்டு நோக்கும் விதத்தையும் அவருக்குக் கற்பித்தார். அவ்வம்மையார் ஊன்றிய ஆவல் பிள்ளையின் உள்ளத்தில் ஆழ வேரோடிற்று.

மேற்படிப்புக்குப் பொருளின்மையால், 1827-ஆம் ஆண்டில், பதினேழு வயதினராய், நியூபவுண்டுலாந்துத் தீவில் ஒரு வாணிகசாலையில் கணக்கராய் அமர்ந்தார். பகலிற் கணக்கும், ஓய்வில் பூச்சிகளுமாய்க் காலம் கழிந்தது. 1835-இல் கானடாவிற் சென்று நிலம் வாங்கி வேளாண்மை செய்தார், அது பலிக்கவில்லை. 1838-இல் அமெரிக்காவின் அலபாமா நாட்டில் பள்ளி ஆசிரியர் ஆனார். ஆண்டு அடிமைகள் படும் கொடுமையைக் கண்டு மனம் நொந்து, 1839-இல் தாய்நாடு திரும்பினார். கையில் பணமில்லை, ஆனால் குறிப்புப் புத்தகங்கள் நிறைய இருந்தன. அவற்றிலிருந்தே நூல்கள் பிறந்தன. 1844 முதல் 1846 வரை சமேக்காத் தீவில் தங்கிப் பறவைகளை ஆராய்ந்தார். அங்கு சாமுவேல் காம்பெல் என்னும் கறுப்பின வாலிபர் அவருக்கு உறுதுணையாய் இருந்தார். ஒரு நாட்டின் உயிர்களை அந்நாட்டு மைந்தரே நன்கறிவர் என்பதைக் காஸ் மறவாது, அவருடைய உதவியைத் தம் நூலிற் பதித்தார்.

1848-இல் எமிலி பௌஸ் என்னும் மாதரசியை மணந்தார். அடுத்த ஆண்டு எட்மண்டு என்னும் மகவு பிறந்தது. அன்று தம் நாட்குறிப்பில், மகன் பிறந்த செய்தியையும் சமேக்காவிலிருந்து ஒரு தகைவிலான் குருவி வந்து சேர்ந்த செய்தியையும் அடுத்தடுத்து எழுதி வைத்தார் என்றால், அவர் மனப்பான்மையை வேறு விளக்க வேண்டுவதில்லை.

இடைவிடாத எழுத்து வேலையால் உடல்நலம் குன்றவே, 1852-இல் டெவன்ஷயர்க் கடற்கரைக்குச் சென்றார். அதுவே அவர் வாழ்வின் திருப்பம். ஓதம் வற்றிய பொழுது பாறைக் குழிகளில் தேங்கிய நீருள், பூவெனவே மலர்ந்து இரை தேடும் கடற்சாமந்திகளும், செம்பாசியும், இறாலும், நண்டும், சிறு பவழங்களும் அவர் கண்களைக் கவர்ந்தன. இவற்றை உயிரோடு வைத்துக் காப்பது எப்படி என்னும் வினா அவரைப் பற்றிக் கொண்டது.

இவ்வினாவை எழுப்பியவர் அவர் ஒருவரே அல்லர். ஆன் தின் என்னும் அம்மையார் 1846-இல் டார்க்கீ என்னும் கரையிலிருந்து உயிர்ப் பவழங்களை இலண்டனுக்குக் கொணர்ந்து, பணிப்பெண்ணைக் கொண்டு நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொன்றிற்கு ஊற்றச் செய்து, காற்றுக் கலக்குமாறு வளர்த்தார். இராபர்ட்டு வாரிங்டன் என்னும் இரசாயன சாஸ்திரியார், நீர்ச்செடி விடும் பிராணவாயுவை மீன் கொள்ளும், மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி கொள்ளும் என்னும் சமநிலையை 1850-இல் விளக்கிக் காட்டினார். காஸ் தாமும் இத்துறையில் சோதனைகள் நடத்தி, கண்டவற்றை யாவரும் விளங்கிக்கொள்ளத்தக்க நடையில் எழுதினார். 1853-ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் விலங்கியற் சங்கத்தார் தம் தோட்டத்தில் மீன் காட்சிசாலை திறந்தபோது, அதற்கு வேண்டிய கடலுயிர்களைத் திரட்டி அளித்தோருள் அவரும் ஒருவர். 1854-இல் வெளிவந்த அவருடைய நூலால் அக்குவேரியம் என்னும் சொல்லே வீட்டுச்சொல் ஆயிற்று.

அவர் கற்பித்த முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலில் உயிர்ப்பாசி ஒட்டிய கல்லைச் சுத்தியலும் உளியும் கொண்டு பெயர்த்தெடுத்தல் வேண்டும். பாசியைக் கல்லினின்று பிய்த்தால் அது பிழையாது. அக்கல்லைத் தொட்டி நீரில் இட்டுச் சில நாள் பொறுத்தல் வேண்டும். நீர் தெளிந்து பாசி தழைத்த பின்னரே உயிர்களைச் சேர்த்தல் தகும். அவையும் சிலவாக இருத்தல் நன்று. கண்ணாடியிற் படியும் பாசியை மேய்வதற்குச் சிறு நத்தைகளை விடலாம். இறந்த உயிரை உடனே அகற்றாவிடின் நீர் முழுதும் நாறும். ஆவியாகப் போவது நீரே அன்றி உப்பன்று. ஆதலின் குறைந்த அளவிற்கு நன்னீரே ஊற்றல் வேண்டும்.

கடலுக்குத் தொலைவில் உள்ளோர்க்காகச் செயற்கைக் கடல்நீரும் அவர் ஆக்கினார். சமையலுப்பு மூன்றரை அவுன்ஸ், பேதியுப்பு கால் அவுன்ஸ், மக்னீசியம் குளோரைடு 200 கிரெய்ன், பொட்டாசியம் குளோரைடு 40 கிரெய்ன். இவற்றை நான்கு குவார்ட்டுக்குச் சற்றுக் குறைந்த நன்னீரிற் கரைத்தார். அந்நீரில் பாசியும் உயிரும் வாழ்ந்தன. ஆயினும் இதில் சுண்ணச்சத்துச் சேர்க்கப்படவில்லை. பவழம் தன் கல்வீட்டைக் கட்டுவதற்குச் சுண்ணம் இன்றியமையாதது. இக்காலத்து விற்கும் கடலுப்புப் பொடியில் அது உண்டு.

அவர் பொறுக்கச் சொன்ன நாட்களின் உட்பொருளைப் பின்வந்த நுண்ணுயிர் நூலார் விளக்கினர். உயிர்களின் கழிவிற் பிறக்கும் அம்மோனியா நஞ்சாகும். கல்லிலும் மணலிலும் குடியேறும் கண்காணா நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்பு தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை பெருகுவதற்குச் சில வாரங்கள் செல்லும். தொட்டி சிறிதாக ஆக, வெப்பமும் உவர்ப்பும் விரைந்து மாறும். ஆகையால் சிறு தொட்டி எளிது என்று எண்ணித் தொடங்குவோன் ஏமாறுவான். பெருங்கடல் பிழையைப் பொறுக்கும். சிறு கலம் பொறாது.

புகழ் உச்சியில் இருந்தபோதே காஸுக்குத் துயரம் சூழ்ந்தது. 1856-இல் அவர் இராயல் சங்கத்து அங்கத்தினர் ஆனார். அவ்வாண்டிலேயே மனைவியாருக்கு மார்பிற் புற்றுநோய் கண்டது. 1857 பிப்ரவரியில் அவ்வம்மையார் காலஞ்சென்றார். அதே ஆண்டில், பூமியின் தொன்மையைக் கூறும் பாறைகளையும் வேதத்தின் சிருஷ்டி வரலாற்றையும் ஒருங்கிணைக்க முயன்று, உலகம் படைக்கப்பட்டபோதே முன்னிகழ்ச்சிகளின் அடையாளங்களோடு படைக்கப்பட்டது என்று ஒரு நூல் எழுதினார். விஞ்ஞானியரும் ஏற்கவில்லை; பத்தரும் ஏற்கவில்லை. மனமுடைந்தும் அவர் உழைப்பை விடவில்லை. டார்க்கீக்கு அண்மையில் குடியேறி, பிரித்தானியக் கடற்சாமந்திகளைப் பற்றிய பெருநூலை 1860-இல் முடித்தார். 1888-இல் உயிர்நீத்தார்.

ஆயினும் அவரை மிகவும் வருத்தியது மற்றொன்று. அவர் நூல்களைப் படித்தோர் கூடையும் உளியும் ஏந்திக் கடற்கரைகளில் மொய்த்தனர். தலைமுறை தலைமுறையாக எவரும் தீண்டாதிருந்த பாறைக்குழிகள் சில ஆண்டுகளில் சூறையாடப்பட்டன. கொண்டுசென்ற உயிர்களில் மிகப்பல, அறியாதார் கைத்தொட்டிகளில் மாண்டன. தாம் நேசித்த கரை தம் எழுத்தாலேயே வெறுமையாயிற்று என்பதை அவர் உணர்ந்து உளம் நைந்தார் என அவருடைய மைந்தர் எட்மண்டு 1907-இல் வெளியிட்ட நூலில் தெரிவிக்கிறார். அன்பு அறிவோடு கூடாதவிடத்து, அன்பு செய்யும் கேடு பகை செய்யும் கேட்டினும் பெரிது.

இது சீமைக் கதை என்று நாம் தள்ளிவிடலாகாது. எட்கார் தர்ஸ்டன் துரையவர்களின் முயற்சியால் 1909-இல் சென்னைக் கடற்கரையில் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. அக்காட்சிசாலை பலர்க்குக் கடலின் வனப்பை உணர்த்தியது. ஆனால் நம் தூத்துக்குடிக் கரையில் பல்லாண்டுகள் பவழக் கற்கள் சுண்ணாம்புக்காக வண்டி வண்டியாக வெட்டப்பட்டன. வளைகுடாத் தீவுகளுள் இரண்டு நீருள் அமிழ்ந்தன. 1986-இல் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பவழத்தையும் கடற்குதிரையையும் கடலினின்று எடுத்தல் இன்று சட்டப்படி குற்றமாகும்.

மாணவ நண்பர்களே, தொட்டி வைக்க விரும்புவோர் வைக்கலாம். உப்பை அளந்து கரையுங்கள், வாரக்கணக்காய்ப் பொறுங்கள், நாள்தோறும் கண்டதைக் குறிப்பெழுதுங்கள். காஸிடம் கற்க வேண்டிய பொறுமை அது. எந்த உயிரையும் வாங்குமுன், அது எங்கிருந்து எவ்வாறு வந்தது என்று வினவுங்கள். விடை தெளிவாயில்லையேல் வெறுங்கையோடு திரும்புங்கள். காஸின் கண்ணீரிலிருந்து கற்க வேண்டிய அடக்கம் அது. இவ்விரண்டும் ஒருங்கு வாய்க்கப்பெற்றவன் வீட்டுத் தொட்டியும் தழைக்கும். வைப்பாறு சென்று சேரும் அவ்வளைகுடாவும் வளம் குன்றாதிருக்கும்.