தோட்டத்து ஞானி எபிக்யூரஸ்

எபிக்யூரஸ் என்றால் சாப்பாட்டு ராமன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் ஆள் நேர் எதிர்!

கி.மு. 341-ல் சாமோஸ் தீவில் பிறந்தவர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸ் நகருக்கு வந்து, தோட்டம் ஒன்றை வாங்கி, அங்கே நண்பர்களுக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்தார். பெண்களையும் அடிமைகளையும்கூடச் சேர்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமில்லை. சாப்பாடு ரொட்டியும் தண்ணீரும்தான். கொஞ்சம் பாலாடைக்கட்டி கிடைத்தால் அன்று விருந்து. உடம்பில் வலியில்லை, மனசில் பயமில்லை, பக்கத்தில் நண்பர்கள். அவர் சொன்ன இன்பம் இவ்வளவுதான். பதவியும் புகழும் அந்தக் கணக்கில் வரவில்லை.

கி.மு. 270-ல் சிறுநீர்க் கல் அடைப்பால் கடுமையாக அவதிப்பட்டார். கடைசி நாளில் ஐடோமெனியஸ் என்ற நண்பருக்குக் கடிதம் எழுதினார். பழைய பேச்சுகளின் நினைவு அந்த வலியையும் தாங்க வைக்கிறது என்பது அதன் சாரம். கூடவே, முன்பே இறந்துபோன நண்பர் மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். உயிலிலும் அவர்களுக்கு ஏற்பாடு செய்திருந்தார்.

இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நம் செட்டில் ஒருவன் காலமாகி மூன்று வருஷமாகிறது. ஹாஸ்டல் மொட்டை மாடியில் அவன் அடித்த அரட்டையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். அவன் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்? எனக்குத் தெரியாது. சைட் வேலை என்று சாக்கு வேறு.

விழா முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போகிறேன். நண்பர்களே, யார் யார் வருகிறீர்கள்?