பாட்ரிக் ஹனன்

பாட்ரிக் ஹனன் (1840 - நவம்பர் 4, 1925) மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லி தங்க வயலைக் கண்டுபிடித்த மூவருள் ஒருவர் ஆவார். அயர்லாந்தில் பிறந்த இவர் பாடி ஹனன் என்ற பெயரால் பரவலாக அறியப்படுகிறார். பெர்த் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 600 கிமீ தொலைவில், நன்னீர் ஆறுகள் இல்லாத வறண்ட நிலத்தில் ஒரு சுரங்க நகரம் உருவாக இக்கண்டுபிடிப்பு காரணமாயிற்று. எனினும் அந்நிலத்திலிருந்து பின்னாளில் எடுக்கப்பட்ட பெருஞ்செல்வம் இவரைச் சேரவில்லை.

பிறப்பும் புலம்பெயர்வும்

ஹனன் அயர்லாந்தின் மேற்கே கிளேர் மாவட்டத்திலுள்ள குவின் என்னும் ஊரில் ஜான் ஹனன், பிரிஜிட் இணையருக்குப் பிறந்தார். இவர் 1840 ஏப்ரல் 26 இல் திருமுழுக்குப் பெற்றார். இவருடைய சிறுவயதில், 1845 முதல், அயர்லாந்தைப் பெரும் உருளைக்கிழங்குப் பஞ்சம் தாக்கியது. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கிளேரும் ஒன்றாகும். பல்லாயிரக்கணக்கான இளைஞர்களைப் போலவே ஹனனும் 1860களின் தொடக்கத்தில் கப்பலேறி ஆஸ்திரேலியாவை அடைந்தார்.

தங்கம் தேடிய ஆண்டுகள்

முதலில் விக்டோரியாவிலுள்ள பலராட் சுரங்கங்களில் இவர் வேலை செய்தார். பின்னர் நியூசிலாந்து சென்று தங்கம் தேடினார். 1880 இல் நியூ சவுத் வேல்சின் டெமோரா, 1886 இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் டீட்டுல்பா, 1889 இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் சதர்ன் கிராஸ் எனப் புதிய தங்க வயல் பற்றிய செய்தி வந்த இடங்களுக்கெல்லாம் சென்றார். இவ்வாறு முப்பது ஆண்டுகள் கழிந்தன. இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

கல்கூர்லி கண்டுபிடிப்பு

1892 இல் ஆர்தர் பெய்லி, வில்லியம் போர்டு ஆகியோர் கூல்கார்டியில் தங்கம் கண்டனர். அங்கு சென்றவர்களில் ஹனனும் ஒருவர். 1893 ஜூன் மாதத்தில் யூல் குன்றுக்கு அருகில் தங்கம் கிடைத்ததாகச் செய்தி பரவவே, ஹனனும் அவருடைய நாட்டவர்களான தாமஸ் பிளனகன், டான் ஷே ஆகியோரும் அத்திசையில் புறப்பட்டனர். வழியில் சார்லட் குன்றுக்கு அருகில் தங்கியபோது தரையின் மேற்பரப்பிலேயே தங்கக் கட்டிகளைக் கண்டனர்.

அப்பகுதியில் மண்ணை அலசத் தண்ணீர் இல்லை. எனவே தங்கம் தேடுவோர் நெல் தூற்றுவதைப் போல மண்ணை ஒரு தட்டிலிருந்து மற்றொரு தட்டில் காற்றில் கொட்டி, தூசி பறந்தபின் அடியில் தங்கும் பொன்னைப் பிரித்தெடுத்தனர். ஏறத்தாழ 100 அவுன்சு (சுமார் 3 கிலோகிராம்) பொன் சேர்ந்ததும் ஹனன் கூல்கார்டிக்குத் திரும்பி, ஜூன் 17 அன்று கண்டுபிடிப்பைப் பதிவு செய்தார். சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கானோர் அவ்விடத்தில் குவிந்தனர்.

முதலில் கண்டவர் யார்?

பொன்னை முதலில் கண்டவர் ஹனனா பிளனகனா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. புதிய வயலைக் கண்டறிந்து பதிவு செய்வோருக்கு வழமையினும் பெரிய நிலப்பரப்பில் தோண்டும் உரிமை பரிசாக வழங்கப்பட்டு வந்தது. அதற்கு விண்ணப்பிக்கச் சென்றவர் ஹனன் என்பதால் அவ்விடம் ஹனன்ஸ் என்றே வழங்கலாயிற்று. ஆயினும் இந்நிலம் மக்களில்லா நிலமன்று. வங்காத்தா முதலிய பழங்குடியினர் நெடுங்காலமாக அங்கு வாழ்ந்து வந்தனர். நகருக்குப் பின்னர் சூட்டப்பட்ட கல்கூர்லி என்னும் பெயர் அப்பகுதிச் செடி ஒன்றைக் குறிக்கும் பழங்குடிச் சொல்லிலிருந்து வந்தது.

விளைவுகள்

மூவரும் கண்டது மேற்பரப்புப் பொன் மட்டுமே. ஆழத்தில் பாறையோடு கலந்திருந்த மிகப்பெரும் படிவு, சில கிலோமீட்டர் தெற்கே இருந்தது. அடிலெய்டு முதலீட்டாளர்களுக்காக வந்த வில்லியம் புரூக்மன், சாம் பியர்ஸ் ஆகியோர் அதே ஆண்டில் அங்கு நிலம் பதிவு செய்தனர். தங்க மைல் எனப் பெயர்பெற்ற அப்பகுதியில் ஆழச் சுரங்கம் தோண்டப் பெருமூலதனம் தேவைப்பட்டது. அதனால் இலாபம் பெரும்பாலும் நிறுவனங்களுக்கே சென்றது.

1890களில் கிழக்குக் குடியேற்றங்களில் கடும் பொருளாதார நெருக்கடி நிலவியதால் வேலையிழந்தோர் பலர் மேற்கே வந்தனர். 1891 இல் ஏறத்தாழ 50,000 ஆக இருந்த மேற்கு ஆஸ்திரேலிய மக்கள்தொகை 1901 இல் 184,000 ஆக உயர்ந்தது. குடும்பங்களைக் கிழக்கில் விட்டு வந்த ஆண்கள் கூடாரங்களில் வாழ்ந்தனர். உப்பு நீரைக் காய்ச்சி வடித்த குடிநீர் விலைக்கு விற்கப்பட்டது. குடற்காய்ச்சலால் பலர் இறந்தனர். 1896 இல் தொடருந்துப் பாதையும், 1903 இல் பொறியாளர் ஓ'கானர் வடிவமைத்த நீண்ட குழாய்வழி நீரும் வந்த பின்னரே குடும்பங்கள் நிலையாக வாழ்வது எளிதாயிற்று.

இறுதிக்காலம்

ஹனன் முதுமையிலும் தங்கம் தேடுவதைக் கைவிடவில்லை. 1904 இல் மேற்கு ஆஸ்திரேலிய அரசு இவருக்கு ஆண்டொன்றுக்கு 100 பவுண்டு உதவித்தொகை வழங்கியது. 1911 இல் இது 150 பவுண்டாக உயர்த்தப்பட்டது. இறுதி ஆண்டுகளில் மெல்பேர்ணின் பிரன்சுவிக் பகுதியில் உடன்பிறந்தார் வழிப் பெண்மக்களுடன் வாழ்ந்தார். 1925 நவம்பர் 4 இல் அங்கேயே காலமானார். இவருடைய உடல் மெல்பேர்ண் பொது இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

நினைவுச் சின்னங்கள்

கல்கூர்லியின் முதன்மைத் தெரு ஹனன் தெரு என அழைக்கப்படுகிறது. 1929 இல் இத்தெருவில் சிற்பி ஜான் மெக்கிளவுட் உருவாக்கிய ஹனனின் வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. மூலச் சிலை பின்னர் நகர மண்டபத்திற்குள் மாற்றப்பட்டு, அதன் படி வெளியே வைக்கப்பட்டது. அமர்ந்த நிலையிலுள்ள ஹனனின் கையில் தங்கம் இல்லை, தண்ணீர்ப் பை உள்ளது. வழிப்போக்கர்கள் நீர் பருகுவதற்கான குழாயாக அப்பை அமைக்கப்பட்டது.