உலகெலாம் கண்ட சேக்கிழார்

பூவிருந்தவல்லிக்குத் தெற்கே, குன்றத்தூரில், வேளாளர் மரபில் தோன்றியவர் சேக்கிழார். அருண்மொழித்தேவர் என்பது இயற்பெயர். சேக்கிழார் என்பது குடிப்பெயர். பாலறாவாயர் இவர்தம் இளவல். அநபாயச் சோழனுக்கு முதலமைச்சராய் அமர்ந்து உத்தமசோழப் பல்லவராயர் என்னும் பட்டமும் பெற்றார். அவ்வரசன் 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கனே என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் துணிபு. சோழநாட்டுத் திருநாகேச்சரத்தில் ஈடுபட்ட அமைச்சர், அப்பெயராலேயே ஒரு கோயிலைத் தம் ஊரிலும் எழுப்பினார் என்பர்.

அரசன் சீவக சிந்தாமணியின் சுவையில் ஆழ்ந்திருந்தான். அவன் நெஞ்சத்தை அடியார் வரலாற்றின்பால் திருப்பியவர் சேக்கிழார். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் தொகுத்ததும், நம்பியாண்டார் நம்பி அந்தாதியில் வகுத்ததுமாகிய அவ்வரலாற்றைக் காப்பியமாக விரிக்கும் பணி அவரையே வந்தடைந்தது. தில்லைக் கூத்தன் திருமுன் அடியெடுத்துத் தருமாறு வேண்டி நின்றபோது உலகெலாம் என்னும் சொல் அசரீரியாய் எழுந்தது என்பது மரபு.

காப்பியத்திற்கு முதலாய்க் கிடைத்தது இறைவன் பெயரன்று, அடியார் பெயருமன்று. ஓர் அளவுச்சொல் தாங்கிய தொடர். உலகம் முழுவதும் எனவும், உலகங்கள் அனைத்தும் எனவும், உலகத்து உயிரெல்லாம் எனவும் அது விரியும். அதனையடுத்து, இறைவன் உணர்ந்து சொல்லுதற்கு அரியவன் என்னும் கருத்து வருகிறது. ஒருவராலும் இயலாது என்பதா? எல்லாராலும் இயலாது, சிலரால் இயலும் என்பதா? ஐந்து பழமும் தரமாட்டான் என்றால் ஒன்றும் தரான் எனவும் கொள்ளலாம். சில தருவான் எனவும் கொள்ளலாம். முற்றும்மை எச்சப்பொருளும் தரும் எனத் தொல்காப்பியம் கூற, உரையாசிரியர் இத்தகைய எதிர்மறைத் தொடர்களைக் காட்டி விளக்கினர். மேலைநாட்டு அளவையியலில் ஃபிரேகே 1879இல் வெளியிட்ட நூலும் இவ்விருபொருளையும் குறியீட்டால் பிரித்துக் காட்டியது. சேக்கிழார் கொண்ட பொருள் எதுவென்பதற்கு நூலே சான்று. அரியவனை உணர்ந்த சிலரைத்தான் அவர் 4,000க்கு மேற்பட்ட பாடல்களில் பாடினார்.

எல்லாம் என்பது கூட்டத்தை ஒரே பரப்பாய்க் காட்டும். ஒவ்வொருவரும் என்பது ஆள்தோறும் நின்று செல்லும். மனம் காணும் முறைகளின் வேறுபாடு இது என்கிறது இன்றைய அறிதிறன் மொழியியல். சேக்கிழாருக்கோ இது புலமைத் தொழிலின் இடர். தனியடியார் 63 பேர். தொகையடியார் 9 கூட்டத்தார். தனியடியாரிடம் ஒருவர்பின் ஒருவராய்ச் செல்லலாம். தம் ஊருக்கு அணித்தாகவே திருவேற்காட்டில் மூர்க்கர், திருநின்றவூரில் பூசலார். சூதில் வென்ற பொருளால் அடியார்க்கு அமுதூட்டிக் கடைப்பந்தியில் தாம் உண்டவர் முன்னவர். நெஞ்சினுள் கோயிலெடுத்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தவர் பின்னவர். இவ்விருவரையும் ஒரு சொல்லில் அடக்கினால் இருவருமே மறைந்துபோவர். திருவாரூர்ப் பிறந்தார் என்னும் தொகையிலோ கதை சொல்ல ஒருவரும் இல்லை. பிறந்த மண் ஒன்றே அங்கு அளவுகோல். குலமும் தொழிலும் வினவப்படுவதில்லை.

எல்லாவற்றினும் அரியது அப்பாலும் அடிச்சார்ந்தார் என்னும் தொகை. பட்டியல் எவரை விட்டதோ அவரே அதனுள் அடங்குவர். அவர்க்குச் சேக்கிழார் தந்தது ஒரே பாட்டு. மூவேந்தர் தமிழ்நிலத்துக்கு அப்பாலுள்ளோர், தொகையிற் கூறப்பட்டோர் காலத்திற்கு முன்னும் பின்னும் வாழ்வோர் என இடத்தின் எல்லையையும் காலத்தின் எல்லையையும் ஒருங்கே நீக்கினார். நூல் முடிந்தபின் பிறக்கும் ஒருவருக்கும் அங்கே இடம் உண்டு. கண்ணப்பரிடமும் காரைக்கால் அம்மையிடமும் கண்ணீர் மல்க நிற்போர் பலர் இப்பாட்டைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

காப்பியத்தின் இறுதிப் பாட்டையும் அவர் உலகெலாம் என்றே முடித்தார். ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய அரங்கேற்றம் மறு சித்திரைத் திருவாதிரையில் நிறைவெய்தியது. அரசன் நூலையும் ஆசிரியரையும் யானைமேலேற்றித் தானே கவரி வீசினான் என்பர். தொண்டர்சீர் பரவுவார் என்னும் பெயரும் அப்போது வந்தது. தொண்டைநாட்டுக் காவலைப் பாலறாவாயர் ஏற்றார். மூத்தவர் அமைச்சுக்குத் திரும்பவில்லை; தில்லையிலேயே தங்கி, ஒரு வைகாசிப் பூசத்தில் இறைவனடி சேர்ந்தார்.