நிக்கலும் கொதித்த கல்லும்

கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் ரயிலில் பயணிக்கும்போதெல்லாம் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ஒருவரின் நினைவு எனக்கு வருவதுண்டு. அவர் பெயர் ஆக்சல் பிரெடரிக் குரோன்ஸ்டெட். உலோக முலாமுக்குப் பயன்படும் நிக்கலைக் கண்டறிந்தவர் அவர். கழிவுநீரிலிருந்து அதே நிக்கலைப் பிரித்தெடுக்க இன்று ஆய்வாளர்கள் கையாளும் ஜியோலைட் என்னும் கல்லுக்குப் பெயரிட்டவரும் அவரே.

1722 டிசம்பர் 23-இல், ராணுவப் பொறியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் குரோன்ஸ்டெட். உப்சாலாவில் கனிமவியல் பயின்றார். பின்னர், கோபால்ட்டைக் கண்டறிந்த கேயார்க் பிராண்டிடம் வேதியியல் கற்றுச் சுரங்கத் துறைப் பணியில் சேர்ந்தார். நம் ஊர்ப் பொற்கொல்லரின் ஊதுகுழலைப் போன்ற எளிய கருவியே அவருடைய பெருந்துணை. கனிமத் துணுக்கைச் சுடரில் காட்டி, அது எவ்வாறு உருகுகிறது, என்ன நிறம் கொள்கிறது என்று பார்த்து, அதன் உட்கூறுகளைக் கண்டறிந்தார்.

செம்புத் தாதுவைப் போலவே தோன்றி, உருக்கினால் செம்பு தராத ஒரு கனிமம் ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்களை நெடுங்காலம் ஏமாற்றி வந்தது. குட்டிச்சாத்தானின் வேலை இது என நம்பிய அவர்கள், அதன் பெயரையே அந்தத் தாதுவுக்குச் சூட்டினர். 1751-இல் ஸ்வீடன் சுரங்கமொன்றின் தாதுவிலிருந்து வெண்ணிற உலோகம் ஒன்றைப் பிரித்த குரோன்ஸ்டெட், அப்பழைய பெயரைச் சுருக்கி, 1754-இல் அதற்கு நிக்கல் என்று பெயரிட்டார். அது தனி உலோகமன்று, கலவையே என்று மறுத்தோரும் இருந்தனர். அந்த ஐயம் தீர்வதைக் காண அவர் உயிரோடு இல்லை. பெர்க்மன் அதைத் தூய்மைப்படுத்தி உறுதிசெய்தது 1775-இல்.

1756-இல் வேறொரு கனிமத்தைச் சுடரில் காட்டியபோது, அது நுரைத்துப் பொங்கியது. கல்லுக்குள் சிறைப்பட்டிருந்த நீர் ஆவியானதே காரணம். கிரேக்க மொழியில் கொதிக்கும் கல் எனப் பொருள்படும் ஜியோலைட் என்னும் பெயர் அவ்வாறு பிறந்தது. கனிமங்களைத் தோற்றத்தால் அன்றி உட்கூறுகளால் வகைப்படுத்தும் நூலை 1758-இல் தம் பெயரின்றி வெளியிட்ட அவர், 1765-இல் தமது 42-ஆம் வயதில் மறைந்தார்.

அந்தக் கல்லின் அருமை பின்னரே விளங்கியது. சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் ஆகியவற்றால் ஆன நுண்ணிய கூண்டு அது. கூண்டின் சுவர் எதிர்மின்னேற்றம் உடையது. அதை ஈடுசெய்ய சோடியம், கால்சியம் போன்ற அயனிகள் உள்ளே தங்கியிருக்கும். காரீயம் கலந்த நீர் பாயும்போது, அவை வெளியேறி அந்த இடத்தில் காரீயம் அமர்ந்துகொள்கிறது. புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு கதிரியக்க சீசியத்தைப் பிடிக்கவும் ஜியோலைட் பயன்பட்டது. நம் நாட்டிலும் புணே, நாசிக் வட்டாரத்தின் எரிமலைப் பாறைகளில் இக்கனிமங்கள் நிறையக் கிடைக்கின்றன.

ஆனால், ஒரு முரண். பரவலாகக் கிடைக்கும் கிளினாப்டிலோலைட் என்னும் ஜியோலைட் காரீயத்தை விரும்பி ஏற்கும் அளவுக்கு நிக்கலை ஏற்பதில்லை. ஆகவேதான் கல்லைப் பக்குவப்படுத்த வேண்டியிருக்கிறது. உப்புக் கரைசலில் ஊறவைத்தால், எளிதில் இடம்விட்டு நகரும் சோடியம் கூண்டுகளில் நிறைந்து, நிக்கலுக்கு வழி பிறக்கிறது. எதிர்மின்னேற்றம் கொண்ட குரோமேட்டை இயற்கையான கல் ஏற்பதே இல்லை. தலைமுடிக் கண்டிஷனரில் உள்ளதைப் போன்ற நேர்மின்னேற்ற வேதிப்பொருளை மேற்பரப்பில் இரண்டு அடுக்காகப் படியச் செய்தால், அதே கல் குரோமேட்டையும் பற்றிக்கொள்கிறது.

எனினும், கல் எதையும் அழிப்பதில்லை. நீரில் இருந்ததைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே. நச்சு நிரம்பிய கல்லும் அபாயகரமான கழிவுதான். அதை உரிய முறையில் புதைப்பதற்கான வளாகம் கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கிறது. அதை விடுத்துச் சாலையோரம் கொட்டினால், ஒரு மழைக்காலம் போதும், நச்சு மீண்டும் நீருக்கே திரும்பிவிடும்.

நம் நாட்டின் பொதுவான விதிப்படி, நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரை நிக்கல் இருக்கலாம். குடிநீருக்கான வரம்போ 0.02 மில்லிகிராம். இடைவெளி 150 மடங்கு. இதில் கவலைக்குரியது என்னவென்றால், 3 மில்லிகிராம் நிக்கல் கலந்த நீரும் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும். தெளிந்த நீரைக் கண்டு நாம் திருப்தியடைவது, நிறத்தைப் பார்த்துச் செம்பு என நம்பிய சுரங்கத் தொழிலாளரின் பிழையன்றி வேறென்ன?

தொழிற்பேட்டைக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியும், அதன் மீனையும் இறாலையும் நம்பி வாழும் கிராமங்களும் இருக்கின்றன. ஆலைகளின் கழிவுநீரில் எந்த உலோகம் எவ்வளவு உள்ளது என்னும் பரிசோதனை முடிவுகள், அக்கிராமத்து மக்களுக்குப் புரியும் தமிழில், மாதந்தோறும் வெளியிடப்பட வேண்டும். எந்த நீருக்கு எவ்வாறு பக்குவப்படுத்திய கல் தேவை என்பதையும் அந்த முடிவுகளே சொல்லும். தோற்றத்தை நம்பாமல் சோதித்துப் பார்த்த குரோன்ஸ்டெட்டிடம் நாம் கற்க வேண்டிய பாடம் அதுதான்.