பூட்டுத் தொழிலாளியின் மகன் ஓம்

மின்விளக்கு எரியும் வீடுகளிலெல்லாம் ஒருவர் பெயர் மறைந்து நிற்கிறது. மின்தடையின் அலகாக உலகெங்கும் வழங்கும் ஓம் என்பதே அப்பெயர். அது அரச குலத்தில் தோன்றியவர் பெயரன்று. பூட்டும் சாவியும் செய்து பிழைத்த ஒரு தொழிலாளியின் மகன் பெயர்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தையார் யோகான் வோல்ஃப்காங் ஓம் பூட்டுத் தொழிலாளி. தாயார் தையற்காரர் ஒருவரின் மகள். பிறந்த குழந்தைகள் எழுவருள் மூவரே பிழைத்தனர். ஓமுக்குப் பத்து வயதானபோது தாயாரும் மறைந்தார். தந்தையார் முறையான கல்வி பெறாதவர். ஆயினும் தம் முயற்சியாலேயே கணிதமும் அறிவியலும் கற்று, மைந்தர் இருவருக்கும் தாமே ஆசிரியரானார். அவ்வுழைப்பு வீண்போகவில்லை. ஓம் 15 வயதினராக இருந்தபோது, எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் அவரைச் சோதித்துப் பார்த்து, கணித மேதைகள் பலரை ஈன்ற பெர்னூலி குடும்பத்தாரோடு ஒப்பிட்டுப் பாராட்டினார். இளையவர் மார்ட்டினும் பின்னாளில் கணிதப் பேராசிரியரானார்.

1805இல் ஓம் பல்கலைக்கழகம் புகுந்தார். அங்கே நடனத்திலும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் பனிச்சறுக்கிலும் பொழுதைக் கழிக்கலானார். தமக்குக் கிட்டாத வாய்ப்பை மகன் பாழாக்குவது கண்டு தந்தையார் சினந்தார். மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. ஓம் சுவிட்சர்லாந்து சென்று பள்ளி ஆசிரியராக அமர்ந்தார். அங்கு யாரும் வற்புறுத்தாமல் தாமாகவே உயர்கணிதம் பயின்று, 1811இல் எர்லாங்கன் திரும்பி முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் கிடைத்தது, போதிய வருவாய் கிடைக்கவில்லை. பாம்பர்க் நகரில் எளிய பள்ளிகளில் பணியாற்றிய பின், 1817இல் கொலோன் நகர உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார்.

அப்பள்ளியின் ஆய்வுக்கூடமே அவருடைய பெருஞ்செயலுக்குக் களமாயிற்று. மின்கலத்தோடு கம்பியை இணைத்தால் மின்னோட்டம் பாயும் என்பது அன்றே தெரியும். எவ்வளவு பாயும், எதைப் பொறுத்துப் பாயும் என்பது தெளிவாகவில்லை. அக்கால மின்கலங்களின் ஆற்றல் அடிக்கடி மாறியதால் அளவுகளும் மாறின. எனவே 1826இல் ஓம் வேறு வழி கண்டார். இரு உலோகங்களைச் சேர்த்து, ஓர் இணைப்பைச் சூடாகவும் மற்றொன்றைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னோட்டம் பிறக்கும் என்று ஸீபெக் 1821இல் கண்டறிந்திருந்தார். ஓம் செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். மின்னழுத்தம் நிலையாக நின்றது. பின்னர் வெவ்வேறு நீளமுள்ள செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டி, தொங்கவிட்ட காந்த ஊசியின் திருப்பத்தைக் கொண்டு மின்னோட்டத்தை அளந்தார்.

அவர் கண்ட விதி இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்தது. வெப்பநிலை மாறாதிருக்க, ஒரு கம்பியில் பாயும் மின்னோட்டம் அதன் இரு முனைகளுக்கிடையேயுள்ள மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். சான்றாக, 230 வோல்ட் மின்னழுத்தத்தில் ஒரு நீர்சூடாக்கி 5 ஆம்பியர் இழுக்குமாயின் அதன் தடை 46 ஓம். திறன் 1150 வாட். ஒரு மணி நேரம் இயங்கினால் 1.15 யூனிட் செலவாகும். மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை 1841இல் ஜூல் நிறுவினார். இக்கணக்கறியாது மெல்லிய கம்பியில் மிகுதியான கருவிகளை மாட்டும் வீடு தீக்கிரையாகும். ஆதலின் இது தேர்வுக்கு மட்டும் உரிய பாடமன்று, உயிர்காக்கும் பாடமுமாம்.

1827இல் ஓம் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். பல்கலைக்கழகப் பதவி கிட்டும் என்று எதிர்பார்த்தார், கிட்டவில்லை. இயற்பியலைக் கணித வழியில் அணுகுவதை விரும்பாத அறிஞர் சிலர் நூலை இகழ்ந்தனர். மனம் நொந்த அவர் 1828இல் கொலோன் பணியைத் துறந்து, பெர்லினில் சிறு ஊதியத்திற்குக் கணிதம் கற்பித்தார். 1833இல்தான் நியூரம்பர்க் தொழில்நுட்பப் பள்ளியில் நிலையான பணி கிடைத்தது.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். இதே விதியை ஓமுக்கு முன்பே இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் கண்டிருந்தார். அவர் பிரபு குலத்தவர், பெருஞ்செல்வர். ஆனால் அதை வெளியிடாது தம் குறிப்பேடுகளிலேயே வைத்துவிட்டார். மாக்ஸ்வெல் 1879இல் அக்குறிப்புகளைப் பதிப்பித்த பின்னரே உலகம் அதனை அறிந்தது. பெட்டியில் பூட்டிய அறிவு யாருக்கும் பயன்படவில்லை. பூட்டுத் தொழிலாளியின் மகனோ இகழ்ச்சிக்கு அஞ்சாது தம் அறிவைப் பொதுவில் வைத்தார்.

உண்மை நெடுநாள் மறைந்திருக்கவில்லை. 1841இல் இலண்டன் ராயல் சொசைட்டி ஓமுக்குக் கோப்ளி பதக்கம் வழங்கியது. 1852இல் மியூனிக் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் பதவி அவரை வந்தடைந்தது. இளமையில் நாடிய பதவி 63ஆம் வயதில் கிடைத்தது! இரண்டே ஆண்டுகளில், 1854 ஜூலை 6ஆம் நாள், அவர் மறைந்தார். 1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே சூட்டியது.

கல்வி மறுக்கப்பட்ட குடியில் முதல் தலைமுறையாகப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும், அவர்களைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கும் இவ்வரலாறு துணையாகும். ஓமைப் பற்றிப் பேசும்போது அவர் தந்தையாரையும் மறத்தலாகாது. பள்ளி தம்மைக் கைவிட்டபோதும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. கற்றதைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. நம்முள் கற்றவர் ஒவ்வொருவரும் கல்லாதார் ஒருவருக்கேனும் ஆசிரியராவோமாக.