ரமாபாய் அம்மையார்

டாக்டர் அம்பேத்கரின் பெயரை அறியாதார் இந்நாட்டில் இல்லை. அவர் கடல் கடந்து கல்வி கற்ற காலத்தில் அவருடைய குடும்பத்தைக் கட்டிக் காத்த ரமாபாய் அம்மையாரின் வாழ்க்கையோ பலரும் அறியாதது. குடும்பம், உழைப்பு, உடல்நலம் என்னும் மூன்றையும் ஒரு பெண்ணே தனித்துச் சுமக்கும் வீடுகள் இன்றும் பல உள. ஆகையால் இவ்வரலாற்றை நம் சகோதரிகளும், அவர்களினும் முக்கியமாக நம் சகோதரர்களும் அறிதல் நலம்.

கொங்கணக் கரையில் தாபோளுக்கு அருகிலுள்ள வணந்த் என்னும் சிற்றூரில் 1898-ஆம் ஆண்டு ரமாபாய் பிறந்தார். தந்தையார் தாபோள் துறைமுகத்தில் மீன் கூடை சுமந்து பிழைத்தவர். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்த அக்குழந்தைகளை உறவினர் பம்பாய்க்கு அழைத்து வந்தனர். 1906-இல், பைக்குல்லாச் சந்தையில் பகல் வியாபாரம் ஓய்ந்த பின்னர், அவ்விடத்திலேயே பீமராவுக்கும் ரமாபாய்க்கும் திருமணம் நிகழ்ந்தது. மணமகளுக்கு வயது ஒன்பதளவில். மணமகன் பள்ளி மாணவர்.

1912 டிசம்பரில் யஷ்வந்த் பிறந்தான். 1913 பிப்ரவரியில் மாமனார் ராம்ஜி மறைந்தார். அவ்வாண்டிலேயே பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்றுக் கணவர் அமெரிக்கா சென்றார். கைக்குழந்தையுடன் நின்ற ரமாபாய்க்கு அப்பொழுது வயது பதினைந்து. 1917-இல் திரும்பிய கணவர், 1918 முதல் சிடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியராய் இருந்து, மறுபடியும் லண்டன் செல்வதற்காகச் சம்பளத்தில் மீதம் பிடித்தார். வீட்டுச் செலவுக்கு அளந்து கொடுத்த தொகையிலேயே அம்மையார் காலம் தள்ளினார். 1920-இல் சென்றவர் 1923-இல்தான் திரும்பினார்.

அக்காலத்தில் அவர்கள் குடியிருந்தது பரேலில், ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதியில், இரண்டே சிறிய அறைகள் கொண்ட வீடு. ஆலைச் சங்கின் ஒலிக்கு எழுந்து, அச்சங்கின் ஒலிக்கே அடங்கும் தெருக்கள் அவை. அம்மையார் ஆலைக்குள் வேலைக்குச் சென்றவரல்லர். ஆயினும் அவருடைய உழைப்புக்கு ஓய்வுச் சங்கு ஊதியதே இல்லை. சாணம் சேகரித்து வறட்டி தட்டி அடுப்புச் செலவைக் குறைத்தார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். கணவரின் தமையனார் மறைந்த பின் அவருடைய மனைவி இலட்சுமிபாயும் மகன் முகுந்தனும் அக்குடும்பத்திலேயே வாழ்ந்தனர்.

குழந்தைகள் ஐவர் பிறந்தனர். கங்காதர், ரமேஷ், இந்து என்னும் மூவரும் ஒருவர் பின் ஒருவராய் மறைந்தனர். கடைசி மகன் ராஜரத்தினம் 1926-இல் இறந்தான். யஷ்வந்த் ஒருவனே எஞ்சினான். அவ்வாண்டு ஆகஸ்டில் அம்பேத்கர் தம் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், நான்கு குழந்தைகளை மண்ணில் புதைத்துவிட்டதையும், தாமும் தம் மனைவியும் அத்துயரிலிருந்து மீளப்போவதில்லை என்பதையும் ஒளிக்காமல் தெரிவித்தார்.

அம்மையாரின் உடல் தேய்ந்தது. அந்நிலையிலும் கணவரின் நலத்துக்காகச் சனிக்கிழமைதோறும் நீரும் உளுந்தும் மட்டுமே கொண்டு விரதமிருந்தார். தமக்கென அவர் கேட்டது சிறிது. பண்டரிபுரம் சென்று வழிபட வேண்டும் என்பது அவர் விருப்பம். தீண்டாதார் என்று சொல்லித் தூரத்தில் நிறுத்தும் கோயிலுக்குத் தம் மனைவியை அழைத்துச் செல்ல அம்பேத்கர் இசையவில்லை. கணவர் கொண்ட கொள்கை நேரியதே. மனைவியின் ஆசை நிறைவேறாமற் போனதும் உண்மையே. இரண்டையும் சேர்த்தே நாம் நினைக்க வேண்டும்.

தாதரில் ராஜகிருகம் என்னும் சொந்த வீடு எழுந்தபோது சுகத்தை அனுபவிக்க அவர் உடம்பில் வலிமை இல்லை. 1935 மே 27-ஆம் நாள், முப்பத்தேழாம் வயதில், அவ்வீட்டிலேயே அவர் உயிர் நீத்தார். பின்னர்ப் பாகிஸ்தான் பற்றித் தாம் எழுதிய நூலை அம்பேத்கர் ராமு என்ற அவரது செல்லப் பெயருக்கே காணிக்கையாக்கினார்.

இவ்வரலாற்றைக் கேட்டு அம்மையாரின் பொறுமையைப் புகழ்ந்துவிட்டுப் போதல் எளிது. அது போதாது. அவர் பொறுத்தார் என்பதால் அப்பாரம் நியாயமாகிவிடாது. நான்கு குழந்தைகளை இழந்த அத்தந்தை, 1928 ஜூலையில் பம்பாய்ச் சட்டசபையில், ஆலைப் பெண்களுக்குப் பிரசவ காலத்தில் ஓய்வும் பணமும் அளிக்கும் மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு அளிக்கும் ஓய்வு நாட்டுக்கே நன்மை என்பதும், அச்செலவில் அரசாங்கத்துக்கும் பொறுப்பு உண்டு என்பதும் அவர் வாதம். 1929-இல் அது சட்டமாயிற்று. அடுத்தடுத்த பிரசவத்தால் பெண்கள் நலிவதைத் தடுக்க, கருத்தடை வசதி வேண்டும் என்று 1938-இல் அவர் எழுதிய உரையைத் தோழர் ரோகம் சபையில் படித்தார், அத்தீர்மானம் தோற்றது. இவற்றைக் கருணைச் செயல்களாக அவர் கேட்கவில்லை, உரிமையாகவே கேட்டார்.

சிகாலன் என்னும் இளைஞனுக்குப் பகவான் அருளிய இல்லற தர்மத்திலும், வலிமைக்கேற்ற வேலை தருவதும், நோயுற்றால் பேணுவதும், உரிய காலத்தில் ஓய்வு விடுவதும் வேலை கொடுப்போனின் கடமைகள் என விதிக்கப்பட்டுள்ளன. ஊழியருக்கு உரிய இக்கடமைகளை வீட்டிலுள்ள மனைவிக்கும் தாய்க்கும் மட்டும் நாம் மறுப்பது எவ்வாறு தகும்?

அன்பர்களே! உங்கள் வீட்டுப் பெண் களைப்பென்று சொன்னால் உடனே நம்புங்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். மருத்துவரிடம் செல்லும் நாளை அடுத்த சம்பளத்துக்கு ஒத்தி வையாதீர்கள். சகோதரிகளே! உதவி கேட்பதில் இழிவில்லை. ரமாபாய் அம்மையாரின் படத்துக்கு மாலையிடும் நம் சங்கங்கள், அத்துடன் நில்லாமல், பிரசவித்த பெண்ணின் வீட்டுக்கு ஒரு வேளை உணவேனும் கொண்டு செல்லுமாயின், அம்மையாரை நாம் உண்மையாகவே நினைத்தவர்களாவோம்.