தெரு விளக்கில் படித்த நீதிபதி



ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளையை அதோடு நிறுத்தி, ஏதாவது ஒரு வேலைக்கு அனுப்பிவிடலாமா என்று நம்ம ஜோகூர்த் தோட்டங்களில் இன்னமும் பல வீடுகளில் பேச்சு நடக்கிறது. அப்படி யோசிக்கிறவங்க, ஒரு ரூபாய் சம்பளத்தில் தொடங்கி ஐகோர்ட்டு நாற்காலி வரை போன ஒருவருடைய கதையைக் கொஞ்சம் கேளுங்க.

அவர் பெயர் முத்துசாமி ஐயர். 1832-ல் தஞ்சை சீமையில் உச்சுவாடி என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் சின்ன வயதிலேயே போய்விட்டார். தாயாரோடு திருவாரூருக்கு வந்து, கிராமக் கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்க்கு வேலை பார்த்தார். கொஞ்ச நாளில் தாயாரும் கண்ணை மூடிவிட்டார். படிப்பு அத்தோடு போச்சு என்றுதான் யாரும் நினைப்பாங்க.

அந்தச் சமயத்தில்தான் திருவாரூர் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் கண்ணில் பையன் பட்டான். ஆற்றங்கரை உடைந்த செய்தி வந்த நாளில், தாசில்தாருக்கு வேண்டிய விவரத்தையெல்லாம் பையன் ஓடிப்போய்ப் பார்த்து, பிசகில்லாமல் வந்து சொன்னானாம். இந்தப் பிள்ளை கணக்கு எழுதிக்கொண்டே காலம் தள்ளக்கூடாது என்று நாயக்கர் நினைத்தார். மெச்சிப் பேசியதோடு நிற்கவில்லை. சென்னைக்குப் படிக்க அனுப்பி வைத்தார்.

சென்னையில் வாய்த்த ஆசிரியர் பவல் துரை. அவரும் இந்த ஏழை மாணவனைத் தனியாகக் கவனித்துக் கற்பித்தார். விளக்குக்கு எண்ணெய் வாங்கக் காசில்லாமல் தெரு விளக்கடியில் உட்கார்ந்து முத்துசாமி படித்த கதையைத் தமிழ்நாட்டில் இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். 1854-ல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு வாங்கினார். ஒரு ரூபாய்க்கு உழைத்த அதே கைதான்!

பிறகு அரசாங்க வேலை. சட்டப் பரீட்சை எழுதித் தேறி, தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோதும் இது போதும் என்று உட்காரவில்லை. வேலை பார்த்துக்கொண்டே கல்லூரியில் சட்டம் படித்து பி.எல். பட்டம் வாங்கினார். படிப்புக்கு வயசு ஒரு தடை இல்லை என்பதை நம்ம இளைஞர்கள் இங்கே கவனிக்க வேணும்.

சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியாக அவரை நியமித்தபோது வெள்ளைக்காரப் பத்திரிகைகள் கூச்சல் போட்டன. அதற்குப் பதில் கொடுக்கத்தான் ஆறு இளைஞர்கள் சேர்ந்து 1878-ல் 'இந்து' பத்திரிகையைத் தொடங்கினார்கள். ஐயரோ தம் தீர்ப்புகளாலேயே பதில் சொன்னார். 1893-ல் சில மாதம் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். 1895 ஜனவரியில் காலமானார். ஐகோர்ட்டுக் கட்டடத்தில் அவருடைய சலவைக்கல் சிலை இருக்கிறது. காலில் செருப்பு கிடையாது, வெறுங்கால்தான்.

ஐயர் வீட்டுப் பிள்ளை, அதனால் முடிந்தது என்று சிலர் சொல்லலாம். அந்தக் காலத்தில் நம்மைப் போன்றவர்களுக்குப் பல கதவுகள் அடைத்துக் கிடந்தது உண்மைதான். ஆனால் அவருக்கும் தாசில்தார் ஒருவர் கைகொடுக்காவிட்டால், கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை என்ற பெயரோடு கதை முடிந்திருக்கும்.

இரவு பத்து மணிக்கெல்லாம் லயத்தில் விளக்கை அணைத்துவிட்ட காலத்தில், மண்ணெண்ணெய் விளக்கில் படித்து வக்கீலான தோட்டத்துப் பிள்ளைகள் நம்மிடமும் உண்டு. தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கடுதாசி வரும்போது அதன் அருமை நமக்குத் தெரியும். அந்தக் கடுதாசியைப் படித்து, நம்ம உரிமை என்னவென்று எடுத்துச் சொல்ல நம்ம பிள்ளையே இருந்தால் எவ்வளவு பலம்!

ஆகவே மண்டோரானாலும் கிராணியானாலும் பள்ளி ஆசிரியரானாலும், சூட்டிகையான பிள்ளை கண்ணில் பட்டால் கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீங்க. எந்தப் பாரத்தை எங்கே கொடுக்க வேணும், உபகாரச் சம்பளத்துக்கு யாரைப் பார்க்க வேணும் என்று கூடவே நடந்து காட்டுங்க. திருவாரூர் நாயக்கர் செய்தது அவ்வளவுதான்.